ஒரு கடை, ஒரு வேன், ஒரு பேன் சீப்பு: இரண்டாவது நாய்க்குப் பிறகு நாங்கள் பார்த்த குரூமிங்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது விளம்பரம் இல்லை. யாரும் எங்கள் நாய்களை இலவசமாகக் குளிப்பாட்டித் தரவில்லை, எல்லாம் சொந்தக் காசு, அதில் கொஞ்சம் வீணாகவும் போயிருக்கிறது.

நங்கநல்லூரில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். நான், கணவர், மகள், அத்தை, அப்புறம் ஆறு வயது ஜிம்மி. வாங்கும்போது பாமரேனியன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நம் ஊரில் வெள்ளையாக, கூர்மூக்கோடு, வருகிறவர் போகிறவரையெல்லாம் பார்த்துக் குரைக்கிற எதுவும் பாமரேனியன்தானே. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஒருமுறை தூக்கிக்கொண்டு போனபோதுதான் இது இந்தியன் ஸ்பிட்ஸ் என்று டாக்டர் சொன்னார். ஜிம்மிக்கு குரூமிங், அதாவது ஆள் வைத்துக் குளிப்பாட்டி முடியும் நகமும் வெட்டிவிடுவது, என்று நாங்கள் ஒரு ரூபாய்கூடச் செலவழித்ததில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு குளியல், மொட்டை மாடியில் ஒரு பிரஷ், வருடத்துக்கு இரண்டு முறை இலவம் பஞ்சு வெடித்த மாதிரி முடி பறக்கும், பெருக்கித் தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்போம். அதனால் இரண்டாவதாக ஒன்று வந்தால் என்ன, இதே வேலை இரண்டு மடங்கு, அவ்வளவுதானே என்று நினைத்தேன். அந்தக் கணக்குதான் தப்பு.

பிப்ரவரியில் லட்டு வந்தான். ஷி ட்சு, நீள முடியும் சப்பை மூக்கும் உள்ள சின்ன ஜாதி, பத்து மாதம், ஐந்து கிலோ. கணவரின் நண்பர் வெளிநாடு போகிறார், வைத்துக்கொள்ள ஆள் இல்லை என்றார், மகள் போட்டோவைப் பார்த்துவிட்டாள், பிறகு யாரிடமும் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை. இரண்டையும் பழக்கியது பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வீட்டு வாசலில் சந்திக்க வைக்காமல் தெருமுனை மைதானத்தில் சந்திக்க வைத்தோம், பக்கத்தில் பக்கத்தில் நடத்திக்கொண்டே வீட்டுக்கு வந்தோம், சாப்பாட்டுத் தட்டை வேறு வேறு அறையில் வைத்தோம். முதல் வாரம் ஜிம்மி உறுமினாள், இரண்டாம் வாரம் பார்க்காத மாதிரி இருந்தாள், மூன்றாம் வாரம் ஒரே பாயில் தூங்கினார்கள். ஜிம்மிக்கு ஏற்கெனவே கருத்தடை செய்தாகிவிட்டதால் அந்தக் கவலையும் இல்லை.

பிரச்சினை வந்தது அவர்கள் சேர்ந்துவிட்ட பிறகுதான். இரண்டும் விளையாடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஜிம்மி லட்டுவின் கழுத்தை மெதுவாகக் கவ்வுவாள், காதை வாயில் வைத்துச் சப்புவாள், அவன் மல்லாந்து படுத்துக்கொண்டு கொடுத்துக்கொண்டே இருப்பான். ரசித்து வீடியோ எடுத்து எல்லாக் குழுவிலும் போட்டோம். பத்து நாள் கழித்து அவன் காதுக்குப் பின்னால் கை வைத்தால் கொட்டைப்பாக்கு மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. கட்டியோ என்று பயந்துபோய் முடியை விலக்கிப் பார்த்தால் முடிதான். எச்சில் பட்டு, காய்ந்து, மறுபடி எச்சில் பட்டு, முடிச்சு முடிச்சாகச் சிக்கு. கழுத்துப் பட்டை உரசும் இடத்தில் ஒன்று, முன்னங்கால் அக்குளில் இரண்டு. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஷி ட்சுக்குப் பத்து, பன்னிரண்டு மாதத்தில் குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும், அந்தச் சில மாதங்கள் எதைத் தொட்டாலும் சிக்காகும். நாங்கள் சரியாக அந்த நேரத்தில் அவனைக் கொண்டுவந்து, எச்சில் பூச ஒரு அக்காவையும் ஏற்பாடு செய்திருக்கிறோம்.

சரி, கடை.

முதலில் போனது கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்கப் பாதச் சுவடு வரைந்த ஒரு கடை. பெயர் வேண்டாம். ‘இரண்டு செல்லங்களுக்கு ஒரே விலை’ என்று 2,400 ரூபாய்க்கு ஒரு கூப்பன் போட்டிருந்தார்கள், வேண்டுமானால் ஒரே நாளில், வேண்டுமானால் தனித்தனியாகப் போகலாம். விலைப் பட்டியலில் ப்ளூபெர்ரி ஃபேஷியல் எல்லாம் இருந்தது, நான் என் கல்யாணத்துக்குக்கூட ஃபேஷியல் செய்துகொண்டதில்லை. தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார்கள், அது நல்ல விஷயம், கேட்காத கடைக்குப் போகவே போகாதீர்கள். லட்டுவை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். மூன்று மணி நேரம் கழித்து வந்தால் போதும் என்றார்கள்.

ஒன்றரை மணி நேரத்தில் போன். ‘மேடம், உள்ளே ஃபுல்லா சிக்கா இருக்கு, எடுக்க முடியாது, மொட்டை அடிச்சாதான் உண்டு, ஓகேவா?’ அப்போது அவன் குளித்து முடித்திருந்தான். இந்த இடத்தைக் கவனியுங்கள், எனக்கும் அன்று இது புரியவில்லை. சிக்கு இருக்கிற முடியைத் தண்ணீரில் நனைத்தால் அது இறுகும், காயக் காயக் கம்பளி மாதிரி ஆகிவிடும். குளிப்பாட்டுவதற்கு முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்து சீப்பு விட்டுப் பார்த்திருந்தால் காதுக்குப் பின்னால் ஒன்று, கழுத்துப் பட்டை இடத்தில் ஒன்று, அக்குளில் இரண்டு, இந்த நாலு முடிச்சும்தான் பெரியவை என்று தெரிந்திருக்கும். அதை மட்டும் வெட்டி எடுத்திருக்கலாம், உடம்பு முடியைக் காப்பாற்றியிருக்கலாம். முதலில் தண்ணீர், அப்புறம் சீப்பு என்று அவர்கள் செய்ததில் நாலு முடிச்சு நாற்பதாகிவிட்டது.

நியாயமாகவும் பேச வேண்டும். மொட்டை அடித்ததே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. உடம்பு முழுக்க இறுகிப்போன பிறகு இரண்டு மணி நேரம் பிடுங்கிப் பிடுங்கிச் சிக்கெடுப்பதைவிட மொட்டைதான் அந்த உயிருக்கு நல்லது, முடி மறுபடி வளரும். கூப்பிட்டுக் காட்டாமல் முதலில் தண்ணீரை ஊற்றியதுதான் என் மனக்குறை. வெளியே வந்தவனைப் பார்த்தால் உரித்த கோழி. காதையும் வாலையும் மட்டும் விட்டிருந்தார்கள், அதனால் இன்னும் பரிதாபமாக இருந்தது. அக்குளில் மெஷின் சூடு பட்டுச் சிவந்து ஒரு கோடு. கேட்டதற்கு, ‘அது ரெண்டு நாள்ல போயிடும் மேடம்’. போனது, நாலு நாளில்.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததுதான் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத விஷயம். ஜிம்மிக்கு அவனை அடையாளமே தெரியவில்லை. உருவம் வேறு, மேலே ஏதோ ஸ்ட்ராபெரி வாசனை ஸ்ப்ரே வேறு. கதவருகில் நின்று அவனைப் பார்த்து முதல் நாள் மாதிரி உறுமினாள். அவனோ எப்போதும்போலக் காதைக் கொடுக்க ஓடுகிறான். இரண்டு நாள் இரண்டு அறையில் வைத்தோம், அவன் தூங்கின பழைய துண்டால் அவனையே துடைத்து விட்ட பிறகுதான் சமாதானம் ஆனது. இரண்டு நாய் இருக்கிற வீட்டுக்கு வாசனை ஸ்ப்ரே அடிக்க வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நாய்க்கு நாய் வாசனை போதும்.

அடுத்த வாரம் கூப்பனில் மிச்சம் இருந்ததால் ஜிம்மியைக் கூட்டிப்போனேன், புத்தி வரவில்லை. வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள், ‘வெயில் காலம் வருது, இவளுக்கும் ஷார்ட்டா எடுத்துரலாமா, கூலா இருக்கும்.’ நான் தலையாட்டப் போனேன். கணவர்தான் தடுத்தார், டாக்டர் ஒருமுறை சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது. ஸ்பிட்ஸுக்கு மேல் முடி, உள் முடி என்று இரண்டு அடுக்கு. உள்ளே இருக்கிற பஞ்சு முடியைப் பிரஷ் போட்டு வெளியே எடுத்துவிட்டால் தோலுக்குக் காற்று போகும். மேல் முடி நேராக வெயில் படாமல் பார்த்துக்கொள்ளும். மெஷின் போட்டு வழித்துவிட்டால் அந்த மேல் முடி சில நாய்களுக்குத் திரும்ப ஒழுங்காக வளர்வதே இல்லை, திட்டுத் திட்டாக வரும். மொட்டை அடித்தால் குளுகுளுவென்று இருக்கும் என்பது நம் மண்டையை வைத்துப் போடுகிற கணக்கு, அவளுக்குப் பொருந்தாது. அன்று ஜிம்மிக்குக் குளியலும் நகமும் மட்டும். நகம் வெட்டியவர் அருமையாக வெட்டினார், அதையும் எழுதிவிடுகிறேன். அங்கே இன்னொன்று பார்த்தேன், கூண்டு மாதிரி ஒரு பெட்டிக்குள் நாயை விட்டுச் சூடான காற்று அடித்துக் காயவைக்கிறார்கள். ஜிம்மிக்கு வேண்டாம் என்றதும் கையில் பிடிக்கிற ட்ரையரால் காயவைத்துக் கொடுத்தார்கள். ஷி ட்சு, பக் மாதிரி மூக்கு சப்பையான நாய் வைத்திருப்பவர்கள் இதைக் கண்டிப்பாகக் கேளுங்கள். அவை மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும், அந்த மூக்கோடு பெட்டிக்குள் சூட்டில் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

கடைக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அதில் ஒன்று நகத்துக்கு, ஒன்று தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்டதற்கு.

இனி வேன். ஜூன் மாதம். லட்டுவுக்கு முடி ஓரளவு வளர்ந்துவிட்டது, காதில் மொட்டை விழாததால் அங்கே மறுபடி சிக்கு, ஜிம்மியின் கைங்கரியம். பக்கத்து பிளாக்கில் ஒரு மாமி சொல்லி வீட்டு வாசலுக்கே வருகிற வேனைக் கூப்பிட்டோம். குட்டி யானை வண்டியைக் கூண்டு கட்டி, உள்ளே ஒரு மேஜை, ஒரு தொட்டி, தண்ணீர் டேங்க், காற்றடித்துக் காயவைக்கிற ப்ளோயர். கரண்டுக்கு மட்டும் நம் வீட்டு பிளக் வேண்டும் என்றார்கள். கீழே பார்க்கிங்கில் இருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அசோசியேஷன் செயலாளர் வந்து பொது கரண்டை நாய்க்கு விட முடியாது என்று இருபது நிமிடம் பேசினார், கடைசியில் தரைத் தள வீட்டு அம்மாவின் ஜன்னல் வழியாக வயர் இழுத்தோம். நீங்களும் இதையெல்லாம் முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வந்தவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். வந்ததும் தண்ணீரைத் திறக்கவில்லை, மெஷினைத் தொடவில்லை. லட்டுவை மேஜையில் உட்காரவைத்து ஐந்து நிமிடம் சும்மா தடவிக்கொண்டிருந்தார், எனக்கே கொஞ்சம் எரிச்சல் வந்தது, காசு வாங்கிக்கொண்டு கொஞ்சிக்கொண்டிருக்கிறாரே என்று. பிறகு ஒரு ஸ்டீல் சீப்பை எடுத்தார். இடது கையால் முடியை மேல்நோக்கி விலக்கி, வகிடு எடுத்த மாதிரி ஒரு கோடு, அந்தக் கோட்டில் தோல் தெரிகிறது. அங்கிருந்து கொஞ்சம் முடியை மட்டும் இறக்கி வாருகிறார், அடுத்த கோடு, மறுபடி வாருகிறார். ‘அக்கா, நீங்க தினமும் பிரஷ் பண்றீங்கதானே?’ என்றார். ஆமாம் என்றேன் பெருமையாக. ‘மேலாப்புல பண்றீங்க. சீப்பு தோல் வரைக்கும் போகணும். இங்க பாருங்க, மேல பட்டு, உள்ள ஜமுக்காளம்.’ விரலால் விலக்கிக் காட்டினார், ஜமுக்காளமேதான்.

அந்த முடிச்சை அவர் எடுத்த விதத்தை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அதற்கப்புறம் நான் வீட்டில் செய்வது இதைத்தான். கொஞ்சம் சோள மாவை (கார்ன்ஃப்ளோர்) தூவித் தேய்த்தார், முடி வழுக்கிக்கொண்டு வருவதற்காம். முடிச்சுக்கும் தோலுக்கும் நடுவில் முடியை இரண்டு விரலால் இறுகப் பிடித்துக்கொண்டார். சின்ன வயதில் அம்மா நமக்குச் சிக்கெடுக்கும்போது வேரைப் பிடித்துக்கொண்டு வாருவாளே, இழுப்பு மண்டைக்குப் போகாமல், அதே பிடி. முடிச்சை நடுவில் இருந்து வாராமல் நுனியில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக, சீப்பின் கடைசி இரண்டு பல்லை மட்டும் விட்டுப் பிரித்தார். வலது காது வந்துவிட்டது. இடது காதில் ஒன்று வரவில்லை. ‘இது விடாது, வெட்டிடலாமா?’ என்று என்னிடம் காட்டிக் கேட்டார், வெட்டினார். லட்டு அதுவரை ஒருமுறைகூடக் கத்தவில்லை. இருபத்தைந்து நிமிடம், வெறும் சீப்பு. அதற்கப்புறம்தான் தண்ணீர்.

எனக்கு இந்த ஒரு விஷயம் போதும். ஷாம்பூ என்ன பிராண்ட், கடையில் ஏசி இருக்கிறதா, ஃபேஷியல் உண்டா என்பதையெல்லாம் விடுங்கள். தண்ணீருக்கு முன்னால் சீப்பை எடுக்கிறாரா, அந்தச் சீப்பு தோல் வரைக்கும் போகிறதா, இதை மட்டும் நின்று பாருங்கள். நின்று பார்க்கக் கூடாது என்று சொல்கிற இடமாக இருந்தால் அதுவே பதில்தான். (சில நாய்கள் நாம் நின்றால் ஆட்டம் போடும், அது வேறு. அப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மறைந்து நில்லுங்கள், நான் ஜிம்மிக்குத் தூணுக்குப் பின்னால்தான் நிற்கிறேன்.)

மெஷின் விஷயத்தில் நான் கற்றுக்கொண்டது, பிளேடில் நம்பர் இருக்கும், நம்பர் ஏற ஏற முடி குறையும். 10 என்றால் ஒன்றரை மில்லிமீட்டர்தான் மிஞ்சும், அது ஏறக்குறைய மொட்டை. 7 என்றால் மூன்று மில்லிமீட்டர் சொச்சம், 4 என்றால் ஒன்பதரை. ‘கொஞ்சம் ஷார்ட்டா’ என்று சொல்லிவிட்டு வராதீர்கள், உங்கள் கொஞ்சமும் அவர்கள் கொஞ்சமும் ஒன்றில்லை, நம்பரைச் சொல்லுங்கள். லட்டுவுக்கு உடம்பில் 4, வயிற்றுக்கு அடியில் மட்டும் 10, முகத்துக்குக் கத்தரிக்கோல், நுனி மழுங்கினது. ஷி ட்சுக்குக் கண் வெளியே துருத்திக்கொண்டு இருப்பதால் முடி குத்திக் குத்திப் புண்ணாகும். பாதத்தின் அடியில் விரலுக்கு நடுவே வளர்ந்திருந்த முடியையும் எடுத்துவிட்டார், அதுவரை எங்கள் வீட்டு டைல்ஸில் அவன் சறுக்கிக்கொண்டே ஓடியதை விளையாட்டு என்று நினைத்திருந்தோம்.

ஜிம்மிக்கு அவர் செய்தது முழுக்கக் காற்று வேலை. குளிப்பாட்டி, துவட்டி, ப்ளோயரை உடம்போடு ஒட்டிப் பிடித்து அடித்தார், வேனுக்குள் பனி பெய்த மாதிரி வெள்ளை முடி. பிறகு ரம்பம் மாதிரி பல் வைத்த ஒரு சீப்பால் உள் முடியை வாரி எடுத்தார். ஒரு தலையணை உறை நிறைய வந்தது. மெஷின் தொடவே இல்லை. அத்தை பால்கனியில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு இறங்கி வந்து, லட்டுவுக்குத் தலை காய்ந்ததும் சாம்பிராணி போடலாமா என்று கேட்டார். அந்தத் தம்பி சிரிக்காமல், ‘பாட்டி, இவன் மூக்குக்குப் புகை ஆகாது’ என்றார். அந்த ஒரு பதிலுக்கே அரை நட்சத்திரம் கூடக் கொடுக்கலாம்.

காசு. லட்டுவுக்கு முழு குரூமிங் 1,800. ஜிம்மிக்குக் குளியலும் ப்ளோயரும் 1,100. ஒரே நாளில் இரண்டு என்றால் 200 தள்ளுபடி. லட்டுவுக்கு ஐந்து வாரத்துக்கு ஒருமுறை வேண்டியிருக்கிறது, ஜிம்மிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும், மீதி வீட்டுக் குளியல். வருடத்துக்கு அவனுக்குப் பத்து முறை, அவளுக்கு நாலு முறை என்று கணக்குப் போட்டால், தள்ளுபடி போக 21,600 வருகிறது. கணவர் அதை ஒரு முறைக்கு இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, தான் முடிவெட்ட மாதம் 150 ரூபாய் கொடுக்கிறதை எனக்கு நினைவுபடுத்தினார். இரண்டாவது நாய் எடுக்கப் போகிறவர்கள் சாப்பாட்டுக் கணக்கு மட்டும் போடுகிறார்கள், ஐந்து கிலோ நாய் சாப்பிட்டு நம்மை ஓட்டாண்டி ஆக்கப் போவதில்லை, முடிதான் செலவு. அதுவும் முடி கொட்டாத நாய் என்று சொல்லி விற்கிறார்களே, கொட்டாத முடி எங்கே போகும், அங்கேயே இருந்து சிக்காகும்.

வேனில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. ஒருமுறை ஒன்றரை மணி நேரம் தாமதம், சாப்பாடு போடாமல் காத்திருந்த இரண்டும் என்னைத் தின்றுவிடுகிற மாதிரி பார்த்தன. இன்னொருமுறை டேங்கில் தண்ணீர் தீர்ந்துபோய் எங்கள் போர் தண்ணீரைப் பிடித்தார்கள், அந்த உப்புத் தண்ணீரில் ஷாம்பூ ஒழுங்காக அலசவே இல்லை, ஜிம்மி நாலு நாள் சொறிந்துகொண்டிருந்தாள். மழைக்காலத்தில் முந்தின நாள் ராத்திரி ரத்து செய்கிறார்கள். எல்லாவற்றையும்விடப் பெரியது, செப்டம்பரில் அந்தத் தம்பி லீவு, வேறொருவர் வந்தார். அதே வேன், அதே விலை, அதே சட்டை. லட்டுவுக்கு நகம் கருப்பு, உள்ளே ரத்தநாளம் எங்கே முடிகிறது என்று வெளியே தெரியாது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ வேண்டும். இவர் ஒரே வெட்டு. ரத்தம். நிறுத்துவதற்கென்றே மஞ்சள் நிறத்தில் ஒரு மருந்துப் பவுடர் இருக்கும், அது வண்டியில் இல்லை, சோள மாவை அழுத்திப் பிடித்து நான்தான் நிறுத்தினேன். அதற்கப்புறம் லட்டு காலைக் கொடுக்கவே ஒரு மாதம் ஆனது.

நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதாததற்கு இதுதான் காரணம். பெயரைச் சொன்னால் நீங்கள் கூப்பிடுவீர்கள், எந்த ஆள் வருவார் என்பது உங்கள் அதிர்ஷ்டம். முடிவெட்டும் கடைக்குப் போனால் நாம் கடையைப் பார்க்கிறோமா, குறிப்பிட்ட ஒருவரின் நாற்காலி காலியாகும் வரை பேப்பர் படித்துக்கொண்டு உட்காருகிறோமா? இதுவும் அதே. இப்போது முன்பதிவு செய்யும்போதே அந்தத் தம்பி வருவாரா என்று கேட்டுவிட்டுத்தான் தேதி வாங்குகிறேன். அவர் வந்தால் ஐந்துக்கு நாலரை. மற்றவர் வந்தால் கடையும் இதுவும் ஒன்று.

வீட்டில் வாங்கியதில் உருப்படியானது, வீணானது பற்றியும் கொஞ்சம். உருப்படியானது மூன்றுதான். வளைந்த கம்பிகள் வைத்த ஸ்லிக்கர் பிரஷ், ஒரு பக்கம் நெருக்கமும் மறுபக்கம் அகலமுமாகப் பல் உள்ள ஸ்டீல் சீப்பு, அப்புறம் பேன் சீப்பு. கடைசிதான் என் சொந்தக் கண்டுபிடிப்பு. காலையில் லட்டுவின் கண்ணோரம் பீளை கட்டி முடியோடு காய்ந்திருக்கும், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சை அரை நிமிடம் வைத்து ஊறவிட்டு, பேன் சீப்பால் கண்ணில் இருந்து விலகுகிற திசையில் ஒரு வாரு, முழுசாக வந்துவிடும். இருபது ரூபாய். இதற்கென்று தனியாக விற்கிற சீப்பைப் பார்த்தேன், அதே பல், கைப்பிடி மட்டும் கொஞ்சம் அழகு.

வீணானதில் முதலிடம் 1,300 ரூபாய் டிரிம்மர். சிக்கில் மாட்டிக்கொண்டு நின்றுவிடும், அந்தச் சத்தம் கேட்டால் ஜிம்மி கட்டிலுக்கு அடியில். அடுத்தது பிளேடு வைத்த சிக்கு சீப்பு, அது சிக்கை எடுப்பதில்லை, அறுக்கிறது, காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோக எனக்குக் கை நடுங்கியது. ரப்பர் கையுறை பிரஷ் ஜிம்மிக்குச் சுகமாக இருக்கிறது, அவ்வளவுதான். நம் ஷாம்பூவைப் போட்டால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு, நம் தோலும் நாய்த் தோலும் ஒரே அமிலத் தன்மை (pH) இல்லை, போட்டுப் பார்த்தவர்கள் வீட்டில் நாய் சொறிந்துகொண்டிருக்கும்.

உண்ணி பற்றிச் சொல்லாமல் விட முடியாது, சென்னையில் நாய் வளர்த்துக்கொண்டு அதைப் பேசாமல் இருப்பது எப்படி. ஒன்றுக்கு இருந்தால் இரண்டுக்கும் வரும், அதனால் மருந்து இரண்டுக்கும் ஒரே நாள். நாங்கள் போடுவது டாக்டர் எழுதிக்கொடுத்த, கழுத்துக்குப் பின்னால் விடுகிற சொட்டு மருந்து, அதை விட்டதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளியல் கூடாது. முதல் தடவை இது தெரியாமல் மருந்து விட்ட மறுநாள் வேனுக்குத் தேதி வாங்கியிருந்தேன், நல்லவேளை அந்தத் தம்பியே கேட்டுவிட்டுத் தள்ளிப்போட்டார். இரண்டு நாய் வீட்டில் இன்னொரு தொல்லை, ஒன்றின் கழுத்தை இன்னொன்று நக்கும். மருந்து காயும் வரை ஒருவன் ஹாலில், ஒருத்தி படுக்கையறையில், நடுவில் சாத்திய கதவின் இரண்டு பக்கமும் அழுகை. உண்ணிக் காய்ச்சலில் ஜிம்மி ஒருமுறை படுத்ததைப் பார்த்திருக்கிறேன், அதனால் அந்த அழுகைக்கெல்லாம் மசிவதில்லை. கூடவே ஞாபகப்படுத்துகிறேன், மாநகராட்சி உரிமம் நாய்க்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று இல்லை. வெறிநாய்க்கடி தடுப்பூசிச் சான்றோடு இரண்டாவதற்கும் தனியாக எடுக்க வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டு வழக்கம், ராத்திரி ஒன்பது மணிக்கு இரண்டும் குஸ்தி போட்டு முடித்ததும் லட்டுவின் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டுக் காதுக்குப் பின்னால், அக்குளில், வால் அடியில் ஐந்து நிமிடம் சீப்பு. அதற்கு முன்னால் ஜிம்மிக்கு ஒரு நிமிடம் வாரியாக வேண்டும், அவளுக்குத் தேவையே இல்லை, ஆனால் அவளுக்கு முதலில் வாராவிட்டால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவாள். மகள் லட்டுவின் நெற்றி முடியை வளர்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், இப்போது ஒரு சின்னக் குடுமி போட முடிகிறது, மேலே சிவப்பு ரப்பர் பேண்ட்.

போன சனிக்கிழமை வேன் வந்தது, அந்தத் தம்பிதான், சொன்ன நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னாலேயே. வாசனை ஸ்ப்ரே வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முன்னால் அவரே தலையாட்டிவிட்டார். காது இரண்டும் வாரி, காயவைத்து, விசிறி மாதிரி விரித்து வைத்துவிட்டுப் போனார். வண்டி தெருமுனை திரும்பியிருக்காது, ஜிம்மி வந்து லட்டுவை இரண்டு முறை மோந்து பார்த்தாள், திருப்தியாகி அந்த வலது காதை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். நான் சீப்பை எடுக்கப் போனேன்.